குழந்தைகள் விரலால் ஆடுகிற சதுரங்கப் பலகை: வகுப்புப் பக்கத்தில் எப்படி வைப்பது?

கோயில்தெரு சயாமா | சனி, இரவு 8:15

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் கோயில் மண்டபத்தில் வாரக்கடைசித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 16 பிள்ளைகள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனதில் இருந்து, எழுத்துப் பயிற்சி முடிந்ததும் பலகையை எடுங்கள் என்று ஒரே பிடிவாதம். மண்டபத்தில் இருப்பதோ இரண்டே பலகை. ஒன்றில் வெள்ளைக் குதிரை தொலைந்துபோய், மருந்துக் குப்பி மூடியை வைத்து ஆடுகிறார்கள்.

வகுப்புக்கென்று கிட்ஹப் பேஜஸில் ஒரு சின்ன இணையப் பக்கம் வைத்திருக்கிறேன், பாடத்தாள் போடுவதற்கு. அதில் ஒரு பலகை வேண்டும். வெறும் படம் போதாது. விரலால் காயை நகர்த்த முடிய வேண்டும், தப்பாக வைத்தால் காய் பழைய இடத்துக்கே போக வேண்டும். யார் முறை, செக்கா இல்லையா என்பதெல்லாம் தமிழில் வர வேண்டும். குகேஷின் கடைசி ஆட்டத்தை ஒவ்வொரு நகர்த்தலாக ஓட்டிக் காட்டவும் ஆசை.

செஸ்போர்ட்-ஜேஎஸ் என்ற நிரல் நூலகத்தை இறக்கிப் போட்டேன். பலகை வருகிறது, காய் ஒன்றுகூட வரவில்லை. கட்டத்துக்குள் உடைந்த படக் குறிதான் தெரிகிறது. எனக்கு ஹெச்டிஎம்எல் தெரியும், சிஎஸ்எஸ் கொஞ்சம். ஜாவாஸ்கிரிப்ட் பார்த்து எழுதுகிற அளவுதான். இன்னொன்று: பிள்ளைகள் வீட்டில் கணினி கிடையாது, கைபேசிதான். மின்சாரம் முறை வைத்து வருகிற ஊர், நெட்டும் அப்படித்தான்.


மோல்மேன் கரை | சனி, இரவு 9:02

வணக்கம் சயாமா. உடைந்த படக் குறி வந்தால் நிரல் ஓடுகிறது என்று அர்த்தம், பயப்பட ஒன்றும் இல்லை. அந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் காய்ப் படங்கள் கிடையாது. அவை 12 தனிப் படங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 'ஐஎம்ஜி' அடைவு, அதற்குள் 'செஸ்பீசஸ்', அதற்குள் 'விக்கிபீடியா' என்ற வழியில் போய்த் தேடும். உங்கள் படங்கள் வேறு இடத்தில் இருந்தால் 'பீஸ்தீம்' என்ற அமைப்பில் அந்த வழியைக் கொடுங்கள். உலாவியின் நெட்வொர்க் பலகத்தைத் திறந்தால் எந்த முகவரியில் தேடி, கோப்பு இல்லை என்கிற 404 வாங்குகிறது என்று வரிசையாகத் தெரியும்.

கோப்புப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. நிறத்துக்குச் சின்ன எழுத்து, காய்க்குப் பெரிய எழுத்து. விண்டோஸ் கணினி இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். கிட்ஹப் வழங்கி எடுத்துக்கொள்ளாது. வீட்டில் வந்த காய் ஏற்றிய பிறகு காணாமல்போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். பலகைக்குத் துணையாக வேண்டிய ஜேகுவெரி நூலகம் முதலில், பலகைக் கோப்பு அப்புறம் என்ற வரிசையையும் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. பலகைக்கு ஆட்டம் தெரியாது. மண்டபத்து மரப்பலகையில் குதிரையை நேராகத் தள்ளினால் பலகை தடுக்கிறதா? அதே மாதிரிதான் இதுவும். விதி தெரிந்த ஆளாக செஸ்-ஜேஎஸ் என்று தனி நூலகம் இருக்கிறது, அதற்குப் பலகை என்றால் என்னவென்றே தெரியாது. பிள்ளை காயைக் கீழே விட்டதும் 'ஆன்டிராப்' என்ற செயல்கூறு எந்தக் கட்டத்தில் இருந்து எந்தக் கட்டம் என்று சொல்லும். அதை செஸ்-ஜேஎஸ்ஸிடம் கேளுங்கள். முடியாது என்றால் 'ஸ்னாப்பேக்' என்ற சொல்லைத் திருப்பிக் கொடுங்கள், காய் தானாகப் பழைய கட்டத்துக்குப் போய்விடும்.

இந்த இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நிலை எப்போதும் செஸ்-ஜேஎஸ்ஸிடம் இருக்கட்டும், பலகை அதைப் பார்த்து வரையட்டும். பலகையில் என்ன தெரிகிறது என்று படித்து ஆட்டத்தை முடிவு செய்யவே கூடாது.


கோயில்தெரு சயாமா | ஞாயிறு, காலை 6:40

காய் வந்துவிட்டது! நீங்கள் சொன்ன பெரிய எழுத்துச் சிக்கலேதான். நன்றி தம்பி.

ஒழுங்கான நகர்த்தல் எல்லாம் சரியாகப் போகிறது. தப்பாக வைத்தால்தான் பிரச்சினை. காய் திரும்பிப் போகாமல் அங்கேயே தொங்குகிறது, அதன் பிறகு பக்கமே அசையவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியைப் பார்த்துத்தான் எழுதினேன். விடை 'நல்' ஆக வந்தால் ஸ்னாப்பேக் என்று அதில் இருந்தது.


மோல்மேன் கரை | ஞாயிறு, காலை 7:25

மாதிரி பழையது, நீங்கள் இறக்கிய செஸ்-ஜேஎஸ் புதியது. முதல் பதிப்புக்கு முன்னால் விதிக்கு மாறான நகர்த்தலுக்கு 'நல்' வரும். 1.0-க்குப் பிறகு பிழையையே எறிகிறது. யாரும் பிடிக்காவிட்டால் நிரல் அந்த இடத்தில் நின்றுவிடும். 'மூவ்' என்று கூப்பிடுகிற வரியை டிரை, கேட்ச் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். கேட்ச் பகுதியில் ஸ்னாப்பேக். அவ்வளவுதான்.

பெயர்களும் மாறியிருக்கின்றன. நடுவில் கீழ்க்கோடு போட்டு எழுதிய 'கேம் ஓவர்' இப்போது 'இஸ்கேம்ஓவர்'. மாதிரியை வரிக்கு வரி எடுக்காமல் உங்கள் பதிப்பின் ஆவணத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.


பெகு பெரியவர் | ஞாயிறு, மாலை 4:10

பிள்ளை கொடுத்த பக்கத்தில் ஆடிப் பார்த்தேன். 40 வருஷம் ஆடுகிறவன், அதனால் கொஞ்சம் நுணுக்கமாகவே பார்த்தேன். மூன்று குறை.

ராஜாவைக் கோட்டை கட்டினால் ராஜா மட்டும் இரண்டு கட்டம் நகர்கிறார், மூலைக்காய் வரவில்லை. இரண்டாவது, போகிற போக்கில் சிப்பாயை வெட்டினால் வெட்டுப்பட்ட சிப்பாய் பலகையிலேயே நிற்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறை. சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போனதும் கேட்காமலே ராணி ஆகிவிடுகிறது. குதிரையாக மாற்றினால்தான் வெற்றி என்கிற நிலைகள் உண்டு. பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பையே மறைத்துவிடக் கூடாது.


மோல்மேன் கரை | ஞாயிறு, மாலை 5:30

ஐயா சொன்ன முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. விரல் நகர்த்தியது ஒரு காயை, விதிப்படி மாறியது இரண்டு. செஸ்-ஜேஎஸ்ஸுக்கு அது தெரியும், பலகைக்குத் தெரியாது. 'ஆன்ஸ்னாப்எண்ட்' என்ற இடத்தில் செஸ்-ஜேஎஸ் தருகிற ஃபென் வரியைப் பலகைக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் தானாக ஒத்துப்போகும். நேற்றுச் சொன்னேனே, பலகை பார்த்து வரையட்டும் என்று. அது இதற்காகத்தான்.

ஃபென் தெரியாதவர்களுக்கு: மொத்த நிலையும் ஒரே வரியில் எழுதுகிற முறை. ஆறு பகுதி. காய்கள் எங்கே, யார் முறை, கோட்டை கட்டும் உரிமை யாருக்கு இருக்கிறது, போகிற போக்கில் வெட்டக்கூடிய கட்டம், 50 நகர்த்தல் விதிக்கான கணக்கு, எத்தனையாவது நகர்த்தல். பலகைக்கு முதல் பகுதி போதும். செஸ்-ஜேஎஸ்ஸுக்கு ஆறும் வேண்டும்.

மூன்றாவது: அந்த மாதிரியில் எல்லா நகர்த்தலுக்கும் 'ராணியாக மாற்று' என்று சேர்த்து அனுப்பியிருப்பார்கள், எளிமைக்காக. நீங்கள் கடைசி வரிசைக்குப் போகிற சிப்பாயா என்று பார்த்து, ஆம் என்றால் நான்கு பொத்தான்களைக் காட்டுங்கள். பிள்ளை தொட்ட பிறகு நகர்த்தலை அனுப்புங்கள்.


பத்தாங்கிளாஸ் | ஞாயிறு, இரவு 7:48

சயாமா, என் போனில் சிப்பாயை மேலே இழுத்தால் பக்கமும் சேர்ந்து நகர்கிறது. காய் எங்கோ போய் விழுகிறது. தம்பிக்கு ஆறு வயது, அவனால் இழுக்கவே முடியவில்லை. தொட்டு, அப்புறம் போகிற கட்டத்தைத் தொட்டால் போதும் என்று இருந்தால் அவனும் ஆடுவான்.


இரவுப்பணி | ஞாயிறு, இரவு 11:55

நான் மண்டலேயில் பிறந்தவன், இப்போது வெளிநாட்டில் நிரல் எழுதுகிறேன். தங்கை சொன்ன முதல் விஷயத்துக்குப் பலகையின் சிஎஸ்எஸ்ஸில் 'டச்-ஆக்‌ஷன்' என்பதை 'நன்' ஆக்கினால் போதும். ஜன்னல் மட்டத்தில் வைத்த தொடு நிகழ்வுகள் பக்கம் உருள்வதைத் தடுக்க முடியாதபடி குரோம் 56-ல் மாற்றினார்கள். செஸ்போர்ட்-ஜேஎஸ் அந்தப் பழைய வழியை நம்பி எழுதியது.

இரண்டாவது விஷயம்தான் யோசிக்க வேண்டியது. தொட்டுத் தொட்டு ஆடுவது செஸ்போர்ட்-ஜேஎஸ்ஸில் கிடையாது. அதற்காக மாரடிக்காமல் செஸ்கிரவுண்ட் என்ற பலகை நூலகத்துக்கு மாறுங்கள். லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஓடுவது அதே பலகைதான். தொடலாம், இழுக்கலாம். ஜேகுவெரியும் வேண்டாம்.


மோல்மேன் கரை | திங்கள், காலை 6:15

செஸ்கிரவுண்ட் அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல் 3. அதைச் சேர்த்துப் பக்கத்தை வெளியிட்டால் சேர்ந்து ஓடுகிற உங்கள் ஜாவாஸ்கிரிப்டையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். சயாமா தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும், பிறகு யாரும் வந்து கேட்கிற நிலை வரக் கூடாது.


இரவுப்பணி | திங்கள், காலை 6:50

அண்ணே, கோயில் வகுப்புப் பக்கத்தில் மறைத்து வைக்க என்ன இருக்கிறது? திறந்து கொடுப்பதே நல்லது. பெகுவிலும் மோல்மேனிலும் வகுப்பு எடுக்கிறவர்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் ஒவ்வொரு வகுப்பும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்து களைத்துப்போகிறது. அந்த உரிமம் இதற்காகவே எழுதினது.


மோல்மேன் கரை | திங்கள், காலை 7:20

நீ சொல்வது சரி தம்பி. நானும் திறந்து கொடுக்கச் சொல்கிறவன்தான். எந்த உரிமத்தில் எடுத்தாலும் திறந்து கொடுக்கலாம் என்பதால் இன்னொரு வழியையும் சொல்லி வைக்கிறேன்: சிஎம்-செஸ்போர்ட். உரிமம் எம்ஐடி, உங்கள் நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேறு நூலகம் எதுவும் தேவையில்லை. தொட்டும் ஆடலாம், இழுத்தும் ஆடலாம். 12 காயும் ஒரே எஸ்விஜி கோப்பில் இருக்கின்றன. நெட் தடுமாறுகிற இடத்தில் 12 தடவை கேட்பதற்கும் ஒரு தடவை கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. எஸ்விஜி என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் காய் மங்காது.

ஒன்று மட்டும்: அது மாட்யூல் முறையில் எழுதியது. கோப்பை நேரே சொடுக்கித் திறந்தால் உலாவி ஏற்றாது. கணினியில் பைதான் இருந்தால் அதோடு வருகிற 'ஹெச்டிடிபி சர்வர்' என்பதை ஓடவிட்டு அதன் வழியாகச் சோதியுங்கள்.


கோயில்தெரு சயாமா | புதன், இரவு 9:30

மாற்றிவிட்டேன், சிஎம்-செஸ்போர்ட். இரண்டு இரவு ஆகும் என்று நினைத்தேன், ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. விதியெல்லாம் செஸ்-ஜேஎஸ் பக்கம் இருந்ததால் அதில் ஒரு வரிகூட மாற்றவில்லை. பலகையோடு பேசுகிற இடம் மட்டும் மாறியது: பிள்ளை காயைத் தொட்டதும் ஒரு கேள்வி வருகிறது, எடுக்கலாமா என்று. கட்டத்தைத் தொட்டதும் இன்னொரு கேள்வி, வைக்கலாமா என்று. ஆம், இல்லை மட்டும் பதில் சொல்கிறேன். முதல் நாளே பிரித்து வைக்கச் சொன்னீர்கள் தம்பி, அப்போது எதற்கென்று புரியவில்லை.

காயைத் தொட்டால் போகக்கூடிய கட்டங்களில் புள்ளி வருகிற மாதிரியும் வைத்தேன். செஸ்-ஜேஎஸ்ஸில் 'மூவ்ஸ்' என்று கேட்டால் பட்டியல் தருகிறது. ஆரம்ப நிலையில் மொத்தம் எத்தனை என்று பிள்ளைகளையே எண்ணச் சொன்னேன். சிப்பாய்க்கு 16, குதிரைக்கு 4, ஆக 20. ஏன் மற்ற காய்களுக்கு ஒன்றுமில்லை என்று கேட்டு அரை மணி நேரம் பேசினார்கள், எல்லாம் தமிழில்.

இப்போது ஒரு மொழிச் சிக்கல். மூலைக்காயை நான் யானை என்று எழுதினேன். ஒரு பிள்ளை அது கோட்டை என்கிறது. இன்னொன்று ஒரே அழுகை, யானை அங்கே நிற்காது, தாத்தா வேறு மாதிரி சொன்னார் என்று.


பெகு பெரியவர் | வியாழன், காலை 5:50

அந்தப் பிள்ளையின் தாத்தா சிட்டுயின் ஆடுகிறவராக இருப்பார். பர்மியச் சதுரங்கம். என் சின்ன வயதில் வடக்கே போனால் அதைத்தான் ஆடினோம். அதில் ராஜா மின்ஜீ, அவர் பக்கத்துத் தளபதி சிட்கே, யானை சின், குதிரை மியின், மூலைக்காய் மாதிரி நேராக ஓடுவது யத்தா, சிப்பாய் நெ. யானை ஒரு கட்டம்தான் போகும், நாலு மூலையிலும் ஒன்று, இல்லை முன்னால் ஒன்று. அதனால் யானை நீளமாக ஓடுவது அந்தப் பிள்ளைக்குத் தப்பாகத்தான் தெரியும்.

யத்தா வேறொன்றுமில்லை, நம் ரதம்தான். இன்றைக்கு இங்கே ரயிலுக்கும் அதே சொல். ஆகவே சயாமா, தேர் என்றே எழுதுங்கள். தமிழிலும் நாற்படை தேர், யானை, குதிரை, காலாள்தானே. வீட்டில் யத்தா என்று கேட்கிற பிள்ளைக்கும், திருவிழாத் தேர் பார்க்கிற பிள்ளைக்கும் ஒன்றாகப் பொருந்தும்.


கோயில்தெரு சயாமா | வியாழன், மதியம் 1:05

தேர் என்றே மாற்றிவிட்டேன் ஐயா. இன்று மதியம் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போனில் சொன்னேன், தாத்தா சிரித்தாராம்.


மோல்மேன் கரை | வியாழன், இரவு 8:20

சயாமா, திரையில் காட்டுகிற பெயரை மட்டும் மாற்றுங்கள். ஃபென்னிலும் ஆட்டக் குறிப்பிலும் உள்ள ஆங்கில எழுத்துகளைத் தொடாதீர்கள். ஆறு எழுத்துக்கு ஆறு தமிழ்ப் பெயர் என்று ஒரு சின்ன அட்டவணை வைத்து, காட்டுகிற நேரத்தில் மாற்றினால் போதும்.

குகேஷ் ஆட்டத்துக்கு: நகர்த்தல்களை வரிசையாக எழுதிய பிஜிஎன் உரையை செஸ்-ஜேஎஸ்ஸில் ஏற்றி, 'ஹிஸ்டரி' என்று விரிவாகக் கேளுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் நிலை, பின் நிலை இரண்டின் ஃபென்னும் அதிலேயே வரும். முன்னால் ஒரு பொத்தான், பின்னால் ஒரு பொத்தான், ஒரு எண். அந்த எண்ணுக்குரிய ஃபென்னைப் பலகைக்குக் கொடுத்தால் தீர்ந்தது.


பெகு பெரியவர் | வியாழன், இரவு 9:10

அந்தக் கடைசி, 14-வது ஆட்டத்தை ஓட்டிக் காட்டுவதோடு விடாதீர்கள். 55-வது நகர்த்தலில் டிங் தேரை எஃப்2-வுக்குக் கொண்டுவந்ததும் நிறுத்துங்கள். கறுப்பு குகேஷ். பிள்ளைகளே தேடட்டும். தேரும் தேரும் மாற்றிக்கொண்டு, அடுத்து மூலைவாட்டில் ஓடுகிற மந்திரியை டி5-இல் வைத்தால் வெள்ளை மந்திரிக்குத் தப்ப வழி இல்லை. அதுவும் மாறியதும் கறுப்புக்கு இரண்டு சிப்பாய், வெள்ளைக்கு ஒன்று. 58-வது நகர்த்தலோடு டிங் விட்டுக்கொடுத்தார், 7.5-க்கு 6.5. அதுவரை டிரா என்றே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நிலை. அந்த இடத்தில் காயைத் தன் விரலால் வைத்துப் பார்த்த பிள்ளை மறக்காது.


இரவுப்பணி | வெள்ளி, இரவு 12:30

அந்த இடத்தில் பலகையைப் பூட்டாமல், பிள்ளை வைப்பதை ஹிஸ்டரியில் உள்ள அடுத்த நகர்த்தலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். வேறு வைத்தால் "இன்னொரு முறை பார்" என்று எழுதுங்கள், தவறு என்று சிவப்பில் போட வேண்டாம்.

நெட் இல்லாத நேரத்துக்கு: எல்லாக் கோப்பையும் உங்கள் அடைவிலேயே வையுங்கள், வெளித் தளத்தில் இருந்து எதையும் இழுக்காதீர்கள். அப்புறம் ஒரு சர்வீஸ் வொர்க்கர். முதல் தடவை திறக்கும்போது கோப்புகளைக் கைபேசியில் சேர்த்து வைத்துக்கொள்ளும், பிறகு நெட் இல்லாமலே பலகை திறக்கும். இதற்கு ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம், கிட்ஹப் பேஜஸில் அது ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் பக்கத்தை மாற்றும்போதெல்லாம் சேமிப்பின் பெயரில் உள்ள எண்ணையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் பழைய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.


பத்தாங்கிளாஸ் | வெள்ளி, மாலை 6:00

கம்ப்யூட்டரோடு ஆட முடியுமா? ஸ்டாக்ஃபிஷ் போடலாமா?


மோல்மேன் கரை | வெள்ளி, மாலை 6:40

முடியும்மா, உலாவிக்குள் ஓடுகிற ஸ்டாக்ஃபிஷ் உண்டு. கோப்பு பெரிது. பல இழைகளில் ஓட வழங்கி இரண்டு தனித் தலைப்புகளை அனுப்ப வேண்டும், கிட்ஹப் பேஜஸில் அதை அமைக்க வழியில்லை. ஒற்றை இழைப் பதிப்பு ஓடும். உன் தம்பிக்கு இப்போதைக்கு அது வேண்டாம். மூவ்ஸ் பட்டியலில் இருந்து எதையாவது ஒன்றை எடுத்து வைக்கிற எதிராளி மூன்று வரியில் எழுதலாம். அவன் ஜெயிப்பான், ஜெயித்தால்தான் திரும்ப வருவான்.


கோயில்தெரு சயாமா | சனி, இரவு 9:15

இன்று வகுப்பில் திறந்தோம். மண்டபத்து வைஃபையில் எல்லோரும் ஒரு தடவை ஏற்றிக்கொண்டார்கள். நாலரை மணிக்குக் கரண்ட் போனது, வைஃபையும் போனது. ஒருவரும் நிமிரவில்லை, ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை தொட்டுத் தொட்டு அக்காவை எதிர்த்து ஒரு ஆட்டம் முழுதாக முடித்தான்.

55-வது நகர்த்தலில் நிறுத்தினேன். மூன்று பிள்ளைகள் தேரை வெட்டிவிட்டார்கள், அடுத்த மந்திரி நகர்த்தலை ஒரே ஒரு பெண்தான் கண்டுபிடித்தாள், எட்டு நிமிஷம் உட்கார்ந்து. அந்தச் சின்னவனின் பாட்டி கேட்டார், சிட்டுயினும் இதே மாதிரி போட முடியுமா என்று.


இரவுப்பணி | சனி, இரவு 11:20

முடியும் அக்கா. ஆனால் செஸ்-ஜேஎஸ்ஸால் முடியாது, அது உலகச் சதுரங்கத்தை மட்டும் அறியும். சிட்டுயினில் சிப்பாய்கள் மட்டும்தான் முதலில் நிற்கின்றன, இடப் பாதி மூன்றாவது வரிசையில், வலப் பாதி நான்காவதில். மற்ற எட்டுக் காயையும் ஆடுகிறவரே ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பலவகைச் சதுரங்கம் ஆடுகிற ஃபேரி-ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரலுக்கு சிட்டுயின் தெரியும், அதை உலாவிக்குக் கொண்டுவருகிற எஃப்ஃபிஷ் என்ற நூலகம் செஸ்-ஜேஎஸ் மாதிரியே கேள்விக்குப் பதில் சொல்லும். உரிமம் ஜிபிஎல், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் கிடையாது, மூலைக்கு மூலை இரண்டு கோடு. அந்தக் கோட்டை வெறும் அழகு என்று விட்டுவிடாதீர்கள். எதிராளியின் பாதியில் அந்தக் கோட்டின் மேல் நிற்கிற சிப்பாய்தான் சிட்கே ஆக முடியும், அதுவும் தன் சிட்கே வெட்டுப்பட்டிருந்தால். எஸ்விஜியில் கோட்டை நான் வரைந்து அனுப்புகிறேன்.


பெகு பெரியவர் | ஞாயிறு, காலை 6:05

காய்ப் பெயர்களை நான் பர்மிய எழுத்தில் எழுதித் தருகிறேன். ஒருவர் வைத்து முடித்த பிறகு மற்றவர் வைக்கிற வரிசையையும் சேர்த்து.


கோயில்தெரு சயாமா | ஞாயிறு, காலை 6:30

நன்றி ஐயா. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், பழைய போனில் ஜோஜி எழுத்துரு இருந்தால் அதில் வேண்டாம், பிள்ளைகள் போனில் எழுத்து இடம் மாறித் தெரியும். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும், நான் அடித்துக்கொள்கிறேன்.